டொப் பொக்ஸ் லொக்கில் கழலும் ஆறு ஆணிகள்: படுவான்கரைப் பெட்டியொன்றின் நிகழ்வு ஆய்வு

பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டி, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குள் இறங்கும் மோட்டார் சைக்கிள்களில் பலவற்றின் பின்னால் டொப் பொக்ஸ் என்ற பூட்டுப் பெட்டி இருக்கும். விவசாயப் போதனாசிரியரின் பதிவேடுகள், கடன் உத்தியோகத்தரின் பற்றுச்சீட்டுப் புத்தகங்கள், வீட்டுக்குக் கொண்டுபோகும் தயிர்ச் சட்டி எல்லாம் அதற்குள்தான். களுவாஞ்சிகுடிப் பக்கம் காபெட் ரோட்டில் சத்தமில்லாமல் வந்த பெட்டி, வெல்லாவெளிக்கு அப்பால் கிரவலில் ஏறியதும் கடகடக்கத் தொடங்கும். ஓரிரு மாதத்தில் லொக்கின் ஆணி தளரும். இறுக்கினால் ஒரு கிழமை நிற்கும், பிறகு மறுபடி தளரும். ஒருநாள் மூடி தானாகத் திறந்து, தாள்கள் வயலுக்குள் பறக்கும்.

கீழே வருவது ஒரே ஒரு வண்டியின் வரலாறு அல்ல. இந்தப் பக்கத்துப் பெட்டிகளில் திரும்பத் திரும்பக் காணும் பழுதுகளை, விளங்குவதற்காக ஒரே பெட்டியில் வைத்துச் சொல்வது. வண்டி 150 சிசி, ஒற்றைச் சிலிண்டர். பின்னால் இரும்புக் குழாய்க் கரியர். அதன்மேல் பிளாஸ்டிக் அடித்தட்டு, அதில் கொளுவி நிற்கும் 45 லீற்றர் பெட்டி.

பெட்டி வந்த நிலை

லொக் சம்பந்தப்பட்ட ஆணிகள் ஆறு. ஆனால் ஆறும் ஒரே வகை அல்ல. முழு விஷயமும் தொங்குவது இந்த வேறுபாட்டில்தான்.

திறப்புப் போடும் லொக் உடம்பு வார்ப்பு உலோகம். அது பெட்டியின் கீழ்ப்பாதிச் சுவரில் இரண்டு எம்5×12 ஆணிகளால் (5 மில்லிமீற்றர் தடிப்பு, 12 நீளம்) பிடிக்கப்பட்டிருக்கிறது. ஆணி சுவரை ஊடுருவி உள்ளே வாசர், நட்டுடன் முடிகிறது. மூடியில் உள்ள கொளுக்கி, 4 மில்லிமீற்றர் தடிப்பான இரண்டு ஸ்குரு ஆணிகளால் நிற்கிறது. இவை நட் இல்லாதவை. மூடியின் உட்பக்கம் குமிழ்போல எழும்பி நிற்கும் பிளாஸ்டிக் தூணுக்குள் தாமே புரி வெட்டிக்கொண்டு இறங்கியவை. மூன்றாவது சோடி பெட்டியின் அடியில் இருக்கிறது. அடித்தட்டிலிருந்து பெட்டியை விடுவிக்கும் பொத்தானின் பொறியைப் பிடிக்கும் இரண்டு எம்4×10 ஆணிகள், பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளைப் புரிக்குண்டுகளுக்குள் போகின்றன.

பெட்டி வருமுன் நடந்தவற்றை ஆணித்தலைகளே சொல்லிவிடும். முதலில், ‘நல்லா இறுக்கி விடுங்க தம்பி’ என்று சொல்லி இறுக்கப்பட்டிருக்கிறது. சுவரில் வாசர் அமிழ்ந்த வட்டம் தெரிகிறது. அடுத்ததாக ஸ்பிறிங் வாசர் போடப்பட்டு, அதன் கூரான முனை பிளாஸ்டிக்கை உழுதிருக்கிறது. பிறகு ட்யூப் ரப்பரில் வெட்டிய வாசர். கடைசியாக மூடி ஆணிகளுக்குச் சிவப்பு லொக்டைட் என்ற திருகுப் பசை. இப்போது மூடித் தூண்களில் ஒன்றைச் சுற்றி மயிரிழை வெடிப்புகள், மற்றதில் புரி அறுந்து ஆணி சும்மா சுற்றுகிறது. அடிப் பொறியின் பித்தளைக் குண்டுகளில் ஒன்று ஆணியோடு சேர்ந்து சுழல்கிறது.

இவ்வளவையும் செய்தவர் அசட்டையானவர் அல்ல. ஒவ்வொரு முறையும் ஒரு நியாயமான காரியத்தையே செய்திருக்கிறார். நாலும் பிழைத்ததற்குக் காரணம், ஆணி ஏன் தளர்கிறது என்ற கேள்வியை எவரும் கேட்காததுதான்.

ஏன் தளர்கிறது

ஆணி தானாகத் திரும்பிக் கழல்வதற்கு முக்கிய காரணம் மேல்கீழ் இழுப்பு அல்ல, பக்கவாட்டு வழுக்கல். இறுக்கிப் பிடிக்கப்பட்ட இரண்டு பகுதிகள் ஒன்றின்மேல் ஒன்று பக்கமாகச் சிறிது சறுக்கினால், அந்தக் கணத்தில் புரியிலும் தலையடியிலும் உள்ள உராய்வு பிடியை விடுகிறது. புரி ஒரு சாய்தளம். உராய்வு விட்ட கணத்தில் ஆணி அந்தச் சரிவில் மயிரிழையளவு பின்னால் உருள்கிறது. இதை 1969இல் ஜெர்மனியப் பொறியியலாளர் கெர்ஹார்ட் யுங்கர் சோதனை இயந்திரம் செய்து காட்டினார். இன்றும் ஆணிப் பூட்டுகளை அளக்கும் சோதனை அவர் பெயரில்தான் நடக்கிறது. அந்த இயந்திரத்தில் போட்டால் சாதாரண ஸ்பிறிங் வாசர் ஏறக்குறைய ஒன்றும் போடாதது மாதிரித்தான். கொஞ்சம் இறுக்கியதுமே அது தட்டையாகி வெறும் வாசராகிவிடுகிறது.

ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் 4500 சுற்றில் ஓடினால் ஒரு செக்கனுக்கு 75 அதிர்வு, ஒரு மணித்தியாலத்துக்கு 270,000. அதன்மேல் கிரவல் ரோட்டின் வரிமேடுகள் வந்து சேரும். அரை மீற்றருக்கு ஒரு மேடு என்று வைத்து 30 கிலோமீற்றர் வேகத்தில் போனால் செக்கனுக்குப் பதினாறு, பதினேழு குத்து. அத்தனையிலும் மிகச் சிறிய வழுக்கல் இருந்தால் போதும்.

வழுக்காமல் தடுப்பது எது? ஆணியின் இறுக்கம். அந்த இறுக்கத்தைப் பிளாஸ்டிக் தாங்குமா என்று கணக்குப் பார்த்தால் விஷயம் வெளிக்கும். எம்5 ஆணியை 2 நியூட்டன் மீற்றர் விசையில் திருப்பினால் அது ஏறத்தாழ 2000 நியூட்டன், அதாவது 200 கிலோ பாரத்துக்குச் சமமாக நெரிக்கும். பத்து மில்லிமீற்றர் அகலமுள்ள வாசரின் கீழே, ஓட்டை போக மிஞ்சும் பரப்பு சுமார் 55 சதுர மில்லிமீற்றர். ஆக, ஒவ்வொரு சதுர மில்லிமீற்றருக்கும் 36 நியூட்டன். பெட்டி செய்யும் ஏ.பி.எஸ் பிளாஸ்டிக் நிரந்தரமாக நசுங்கத் தொடங்கும் இடம் 40க்கு அண்மையில். அதுவும் நிழலில். பகல் முழுக்க வெயிலில் நிற்கும் கறுத்தப் பெட்டியில் அந்த எல்லை இன்னும் கீழே வரும். எனவே கையால் சாதாரணமாக இறுக்கியதே பிளாஸ்டிக்கை அதன் எல்லையில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. பிறகு நாட்கணக்கில் அது பிசைந்த மாபோல மெல்ல விலகிக் கொடுக்கும். ஆணி ஒரு பாகைகூடத் திரும்பாமலே இறுக்கம் போய்விடும். இறுக்கம் போன பிறகுதான் வழுக்கல், அதன் பின்தான் சுழன்று கழல்வது.

ஆகவே இன்னும் பலமாக இறுக்குவது இந்த நோயை வளர்க்கும் மருந்து. ரப்பர் வாசர் அதைவிட மோசம். ரப்பர் பிளாஸ்டிக்கைவிட வேகமாக விட்டுக்கொடுக்கும். போதாக்குறைக்கு, பக்கவாட்டில் ஆடவும் இடம் கொடுக்கும்.

மூடியில் கண்ட வெடிப்பு வேறு கதை. இங்கே கடைகளில் திருகுப் பசை எல்லாவற்றுக்கும் லொக்டைட் என்றே பெயர். அந்தப் பசை காற்றுப் படாத இடத்தில், உலோகத்தைத் தொட்டால்தான் இறுகும். பிளாஸ்டிக் தூணுக்குள் போன ஸ்குரு ஆணியில் ஒரு பக்கம் மட்டுமே உலோகம். பசை சரியாக இறுகாமல் திரவமாகவே கிடந்து, ஏற்கெனவே இழுபட்டு நிற்கும் ஏ.பி.எஸ்ஸுக்குள் ஊறி வெடிக்க வைக்கிறது. நல்ல தயாரிப்புகளின் தாளிலேயே இந்த எச்சரிக்கை இருக்கும். வாசிப்பவர் குறைவு. சிவப்பு வகைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. உலோகப் புரியில் நன்றாக இறுகிவிட்டால் கழற்ற 250 பாகை அளவு சூடு வேண்டும். பிளாஸ்டிக் பெட்டியில் அதை எங்கே காட்டுவது?

முதலில் பார்த்தது லொக்கை அல்ல

பெட்டியைப் பூட்டிய நிலையில், பின் விளிம்பைப் பிடித்து இடவலமாக அசைத்தால் 5 மில்லிமீற்றருக்கு மேல் ஆட்டம். பெட்டி அடித்தட்டில் தளர்வாக உட்கார்ந்திருந்தது. அடித்தட்டைக் கரியரோடு பிடிக்கும் நாலு எம்6 ஆணிகளில் இரண்டைக் கையாலேயே திருப்ப முடிந்தது. இந்த ஆட்டத்தை விட்டுவிட்டு லொக் ஆணிகளைப் பூட்டுவது, ஓட்டை வள்ளத்தில் தண்ணீரை அள்ளி ஊற்றுகிற வேலை.

அடித்தட்டின் அடியில் ஓட்டைக்கு ஒன்றாக 18 மில்லிமீற்றர் அகல வாசர் போட்டு, பழைய நட்டுகளுக்குப் பதிலாக நைலோன் வளையம் வைத்த எம்6 நட்டுகள் போடப்பட்டன. இறுக்கம் 6 நியூட்டன் மீற்றர். உருக்கு எம்6 ஆணி 10 வரை தாங்கும், ஆனால் இடையில் இருப்பது பிளாஸ்டிக். பெட்டி உட்காரும் நாலு மூலைகளிலும் தேய்ந்துபோன மெத்தைகளைச் சுரண்டி எடுத்துவிட்டு, 2 மில்லிமீற்றர் நியோபிரீன் ரப்பர் ஒட்டப்பட்டது. ரப்பர் கூடாது என்று மேலே சொன்னதற்கு இது முரண் அல்ல. ஆணி நெரிக்கும் அடுக்குக்குள் ரப்பர் வரக் கூடாது. பெட்டிக்கும் தட்டுக்கும் நடுவே ஆட்டத்தைத் தின்னும் மெத்தையாக அது தாராளமாக இருக்கலாம். ரப்பர் ஒட்டிய பிறகு பெட்டி பூட்ட சற்று அழுத்த வேண்டும். இரண்டு கையாலும் அமுக்கியும் பூட்டவில்லை என்றால் தடிப்பு கூடிவிட்டது, 1.5 மில்லிமீற்றர் போட வேண்டும்.

லொக் உடம்பின் இரண்டு ஆணிகள்

இந்த இடத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஆணியின் நெரிப்பைப் பிளாஸ்டிக்கின் தலையில் போடாமல் உலோகத்தின் தலையில் போடுவது. அதற்கு ஒரு சின்னப் பித்தளைக் குழல் போதும்.

சுவரின் தடிப்பு வேர்னியரில் 3.0 மில்லிமீற்றர். லேத் கடையில் பித்தளைக் கம்பியிலிருந்து வெளிவிட்டம் 8, உள்விட்டம் 5.2 மில்லிமீற்றரில் இரண்டு குழல்கள் கடைந்தெடுக்கப்பட்டன. நீளம் 2.95. சுவரைவிட இந்த ஒரு துளி குறைவு எதற்கென்றால், குழல் பாரத்தைத் தாங்கும்போது பிளாஸ்டிக்கும் கொஞ்சம் நெரிபட்டு ஆடாமல் நிற்கவே. நீளம் கூடினால் லொக் குழலில் நிற்கும், சுவர் இடையில் ஆடும். நீளம் மிகக் குறைந்தால் பழைய கதைதான். கடைசி ஒப்பத்தை அரத்தால் செய்யக் கூடாது, முகம் சரிந்துவிடும். கண்ணாடித் துண்டின்மேல் 400 இலக்க எமரித் தாளை வைத்து, குழலை நிமிர்த்தி வட்டமாகத் தேய்த்தால் சரிமட்டம் வரும். பிரிட்ஜ் திருத்துபவர்களிடம் கிடைக்கும் 8 மில்லிமீற்றர் செப்புக் குழாயை வெட்டிப் போடலாமே என்று தோன்றும். அது மெல்லிய சுவர், மிருதுவான செம்பு. நசுங்கிவிடும்.

சுவரில் இருந்த 5.5 மில்லிமீற்றர் ஓட்டைகளை 8க்குப் பெருப்பிக்க வேண்டும். ஒரேயடியாக 8 பிட்டைக் கொடுத்தால் அது பிளாஸ்டிக்கைக் கவ்வி இழுத்து ஓட்டையைப் பிய்க்கும். 6, 7, 8 என்று படிப்படியாக, குறைந்த வேகத்தில், பின்னால் பலகைத் துண்டு கொடுத்துத் துளைக்க வேண்டும். விளிம்பில் எழும்பும் சிராயைக் கத்தியால் மழித்துவிட வேண்டும்.

உள்ளே தனித்தனி வாசர்களுக்குப் பதிலாக, இரண்டு ஆணிகளையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரு பட்டி. அலுமினியக் கதவு, பார்ட்டிஷன் வேலை செய்யும் கடைகளில் விழும் 2 மில்லிமீற்றர் தட்டைப் பட்டித் துண்டு, 25 அகலம், 60 நீளம். மூலைகளை உருட்டிவிட்டால் சாமான் கிழியாது. இரண்டு ஆணிகளும் ஒரு பட்டியில் சேர்ந்ததும் லொக் உடம்பு ஒரு மூலையில் கிளம்பி ஆடுவது நின்றுபோகும்.

பட்டி வந்ததால் பழைய 12 மில்லிமீற்றர் ஆணி நீளம் போதாது. லொக் காலின் தடிப்பு 3, சுவர் 3, பட்டி 2, வாசர் 1, நைலோன் நட் 5. மொத்தம் 14. நட்டுக்கு வெளியே குறைந்தது இரண்டு புரி தெரிய வேண்டும், எம்5இன் புரியிடை 0.8 என்பதால் அது 1.6 மில்லிமீற்றர். ஆகவே எம்5×16. நைலோன் வளையத்துக்குள் புரி முழுதாகப் போகாத நட் பூட்டாது. கடையில் ‘ஒரு சைஸ் சின்னதுதான் கிடக்கு’ என்று தந்தால் வாங்கக் கூடாத இடம் இது. 20 தந்தால், உள்ளே நீட்டிக்கொண்டு நின்று பதிவேட்டைக் கிழிக்கும்.

தலை அலன் கீ போடும் உருளைத் தலை, 4 மில்லிமீற்றர் கீ. பழைய நட்சத்திரத் தலை சிதைந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. ஜப்பானிய முறை ஆணிகளின் சிலுவைக் குழி, சாதாரண பிலிப்ஸ் ஸ்குரூ டிரைவருக்கு அளவாகப் பொருந்துவதில்லை. டிரைவர் வெளியே ஏறி வழுக்கிக் குழியைத் தின்றுவிடும். அப்படிப்பட்ட ஆணித்தலையில் பெரும்பாலும் ஒரு சின்னப் புள்ளி அடையாளம் இருக்கும்.

உலோகம் எது என்பதில் மட்டக்களப்பின் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நாக முலாம் பூசிய ஆணி கல்லடி, நாவலடிப் பக்கம் நிறுத்தும் வண்டியில் சீக்கிரம் செந்நிறமாகும். கறையில்லா உருக்கில் ஏ2 தரம் போதும், ஏ4 தரம் கிடைத்தால் உப்புக் காற்றுக்கு அதுவே நல்லது. ஆனால் கறையில்லா உருக்கும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டு நின்றால் அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிரும். பட்டிக்கும் வாசருக்கும் நடுவே ஒரு பூச்சு பெயின்ட், அல்லது மெல்லிய கிரீஸ் போட்டால் அந்தத் தொடுகை மட்டுப்படும். நைலோன் நட்டுக்கு எண்ணெய்ப் பிசுக்கால் பாதகம் இல்லை. பசைக்குத்தான் ஆகாது. கறையில்லா உருக்கு நட்டை அதே உருக்கு ஆணியில் வேகமாக ஓட்டினால் புரி சூடாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஒரு துளி எண்ணெய் விட்டு, மிஷினால் அல்லாமல் கையால் மெல்லத் திருப்ப வேண்டும்.

இறுக்கம் 3.5 நியூட்டன் மீற்றர், நைலோனின் உராய்வு போக. டோர்க் ரென்ச் இல்லாத இடத்தில் மீன் நிறுக்கும் ஸ்பிறிங் தராசு இருக்கும். 8 மில்லிமீற்றர் ஸ்பேனரில் நட் நடுவிலிருந்து 10 சென்ரிமீற்றர் தள்ளித் தராசுக் கொளுக்கியைப் போட்டு, ஸ்பேனருக்குச் செங்குத்தாக இழுக்க வேண்டும். நட் இருக்கையைத் தொடுமுன் சுழற்றவே எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்து, அதற்கு மேல் 3.5 கிலோ. கையால் இறுக்கிப் பழகியவருக்கு இது குறைவாகத் தோன்றும். தோன்றட்டும். உலோகத்தில் உலோகம் நிற்கும்போது இது தாராளம்.

மழை நீர் உள்ளே வராமல் லொக் காலுக்கும் சுவருக்கும் இடையே சிலிக்கோன் மெல்லிய கோடாக. வினாகிரி வாடை அடிக்கும் சிலிக்கோன் இறுகும்போது அமிலம் விடும், உலோகத்தை அரிக்கும். வாடையில்லாத நடுநிலை வகை வேண்டும். குழல் முகத்தில் படக் கூடாது.

மூடியின் இரண்டு ஆணிகள்

இங்கேதான் அதிக நேரம் போனது.

மூடி எந்தப் பிளாஸ்டிக் என்பதை முதலில் அறிய வேண்டும். உட்பக்கத்தில் அம்புக்குறிகளுக்கு நடுவே ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருக்கும். இல்லையென்றால் விளிம்பில் ஒரு சீவல் எடுத்து, ஒரு சொட்டுச் சவர்க்கார நீர் கலந்த கிணற்றுத் தண்ணீரில் அமுக்கிவிட வேண்டும். பொலிபுரொப்பிலீன் மேலே வரும், ஏ.பி.எஸ் அடியில் கிடக்கும். சவர்க்காரம் எதற்கென்றால், அது இல்லாவிட்டால் தாழ வேண்டிய சீவலும் தண்ணீர்த் தோலில் மிதந்து ஏமாற்றும். பொலிபுரொப்பிலீனில் அரல்டைட் பிடிக்காது, உரித்தால் தாளாக வந்துவிடும். இந்த மூடி ஏ.பி.எஸ்.

பசைக் கழிவைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் துடைத்தார்கள். பெற்றோலும் தின்னரும் வெடிப்பை வளர்க்கும், அவற்றை மூடியின் பக்கமே கொண்டுவரக் கூடாது. வெடிப்புகளின் நுனியில் 1.5 மில்லிமீற்றர் பிட்டால் ஒரு சின்ன ஓட்டை. கூர்நுனி வட்டமானால் வெடிப்பு முன்னேற இடமில்லை. ஏ.பி.எஸ் சீவல்களை அசிற்றோனில் ஊறவிட்டுத் தேன்பதமான கூழாக்கி, வெடிப்பின்மேல் மெல்லியதாக இரண்டு பூச்சு. இடையில் சில மணித்தியாலம், கடைசியில் ஒரு நாள் முழுதும் காயவிட வேண்டும். கூழைக் கொட்டிவிட்டால் மூடியே இளகும்.

புரி அறுந்த தூணை அரல்டைட் ஊற்றி நிரப்பி மறுபடி துளைப்பது பலர் செய்வது. வீட்டு அலுமாரிக்கு அது போதும். கிரவல் ரோட்டில் துள்ளும் மூடிக்கு அது நீண்ட நாள் நிற்பதில்லை, கடினமான அரல்டைட் கட்டி மிருதுவான தூணிலிருந்து மொத்தமாகக் கழன்று வந்துவிடும். இங்கே எடுத்த முடிவு தூண்களைக் கைவிட்டு மூடியை ஊடுருவும் ஆணி போடுவது. தூண்களின் நடுவில் நேராக 5 மில்லிமீற்றர் ஓட்டை போட்டு வெளியே எடுத்து, வெளியிலிருந்து குமிழ்த் தலை எம்5 ஆணி (3 மில்லிமீற்றர் அலன் கீ), உள்ளே கொளுக்கியின்மேல் வாசரும் நைலோன் நட்டும். தூணோடு சேர்த்து மூடியின் தடிப்பு 11 மில்லிமீற்றர் என்பதால் குழல் 10.95. ஓட்டை 8க்குப் பெருக்க, தூணின் சுவரில் மிஞ்சியது ஒரு மில்லிமீற்றரே. பாரம் இப்போது குழலில் நிற்பதால் அது வெறும் உறை, கவலைக்குரியது அல்ல. கொளுக்கித் தகடு 2, வாசர் 1, நட் 5, வெளிவாசர் 1, எல்லாம் சேர்த்து 20. இரண்டு புரியோடு 21.6. எம்5×22 கடையில் எளிதில் அகப்படாது, எம்5×25 வாங்கி நட்டுக்கு வெளியே இரண்டு புரி விட்டு வெட்டினார்கள். வெட்டுமுன் ஒரு நட்டை ஆணியில் ஏற்றிவிட்டு, வெட்டி அரத்தால் முனையைச் சரித்தபின் அதைக் கழற்றினால் சிதைந்த புரி நேராகும்.

வெளிப்பக்கம் ஒழுக்கு வராமல், லொக்குக்குப் போட்ட அதே நடுநிலைச் சிலிக்கோன், வெளிவாசரின் விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடாக. குழலின்மேல் அல்ல, சுற்றித்தான். வெளிவாசர் குழலில் நேரே உட்கார வேண்டும், சிலிக்கோன் ஓரத்தில் நின்று தண்ணீரை மட்டும் பார்த்துக்கொள்ளும். கார்த்திகை, மார்கழி மழையில் இது தெரியும்.

அழகு கெட்டுவிட்டது என்று ஒரு முறைப்பாடு வரும். மூடியின் வெளியே இரண்டு ஆணித்தலை தெரிகிறது, உண்மைதான். தலைக்குக் கறுப்புப் பெயின்ட் அடிக்கலாம். பாதுகாப்பு என்று பார்த்தால், வெளியிலிருந்து அலன் கீ போட்டுக் கழற்ற முடியும் என்பது நியாயமான ஆட்சேபம். உள்ளே இருக்கும் நைலோன் நட்டைப் பிடிக்காமல் திருப்பினால் நட்டும் கூடச் சுற்றக்கூடும், சுற்றாமலும் போகலாம். அதை நம்ப வேண்டாம். பணம் வைத்துப் போகும் பெட்டி என்றால் குழியில்லாத வட்டத் தலையும் கீழே சதுரக் கழுத்தும் கொண்ட ஆணி போட்டு, சதுரக் கழுத்து உட்காரும் வெளிவாசரைச் சதுர ஓட்டையாக அரத்தால் வெட்ட வேண்டும். கூலி கூடும்.

ஆணி மாற்றியபின் கொளுக்கியின் உயரத்தைச் சரிபார்க்காமல் விடக் கூடாது. மூடி விளிம்பின் ரப்பருக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு தாள் கீலத்தை வைத்துப் பூட்டி இழுத்தால், தாள் உராய்ந்தபடி வர வேண்டும். சுளுவாக வந்தால் மூடி துள்ளும், கிழிந்தால் கொளுக்கி எந்நேரமும் ஆணியை இழுத்துக்கொண்டு நிற்கும், திறப்பும் ஒருநாள் உடையும். கொளுக்கியின் ஓட்டைகள் நீள்வட்டமாக இருப்பது இந்த ஒழுங்குக்காகத்தான்.

அடிப் பொறியின் எம்4 சோடி

சுழலும் பித்தளைக் குண்டை இடுக்கியால் வெளியே எடுத்து, குழியைச் சுத்தம் செய்து, சற்றுப் பெரிய வெளிவிட்டமுள்ள எம்4 குண்டு வைக்கப்பட்டது. சொல்டரிங் அயனை 230 பாகை அளவில் வைத்து, குண்டின் தலையில் ஊன்றி, அது தன் பாரத்தில் இறங்குவது போல விட வேண்டும். அமுக்கினால் சரிந்து இறங்கும், பிளாஸ்டிக் புரிக்குள் ஏறும். மேல்மட்டத்தோடு சமமானதும் அயனை எடுத்துவிட்டு, தட்டையான இரும்புத் துண்டால் பத்துச் செக்கன் அழுத்திப் பிடித்தால் குளிர்ந்து நேராக நிற்கும். வெப்பத்தைத் தெரிவுசெய்ய முடியாத மலிவான அயன் என்றால் பழைய பிளாஸ்டிக்கில் இரண்டு முறை பழகிவிட்டு வருவது நல்லது.

ஆணிக்குப் பூட்டு என்ன? பித்தளைக்குள் திருகுப் பசை வேகமாக இறுகும், பிடியும் நல்லது. ஆனால் குருட்டுக் குழியில் ஆணி இறங்கும்போது காற்று பசையை மேலே தள்ளி ஏ.பி.எஸ்ஸில் வழியவிடும். மூடியில் நடந்தது இங்கேயும் நடக்கும். நைலோன் பூச்சு வைத்து வரும் ஆணிகள் இதற்கென்றே இருக்கின்றன. கிடைக்காவிட்டால் 0.2 மில்லிமீற்றர் தங்கூசியில் ஒரு விரற்கடை வெட்டி, புரிக் குழிக்குள் நெடுக்காகத் தொங்கவிட்டு, அதோடு சேர்த்து ஆணியைத் திருகலாம். நைலோன் இழை புரிகளுக்கிடையில் நசுங்கி, நைலோன் நட் செய்வதையே செய்யும். கழற்றும் ஒவ்வொரு முறையும் புது இழை. தடித்த தங்கூசி போட்டால் குண்டு மறுபடி சுழலும். வலைக்கடையில் இருக்கும் ஆக மெல்லியதே சரி. நகப்பூச்சாகப் பூசும் கியூடெக்ஸை ஆணிப் பூட்டாகப் பாவிப்பவர்கள் உண்டு. அதன் கரைப்பான் ஏ.பி.எஸ்ஸுக்கு ஆகாது, உலோகத்தில் மட்டும் வைக்கலாம்.

இறுக்கம் 1.2 நியூட்டன் மீற்றர். அதாவது டிரைவரின் பிடியை உள்ளங்கையால் பொத்தாமல், பெருவிரலும் இரண்டு விரலும் கொண்டு திருப்பி நிற்கும் இடம்.

பாரமும் அடுக்கும்

பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் தாளில் எத்தனை கிலோ என்று இருக்கும். அது பெட்டி எவ்வளவு கொள்ளும் என்பதைப் பற்றியதல்ல, அடித்தட்டும் லொக்கும் எவ்வளவு தாங்கும் என்பதைப் பற்றியது. 45 லீற்றருக்குள் 20 கிலோ அரிசி அடங்கும், அதற்காக அந்தப் பெட்டி அதைத் தாங்கும் என்று ஆகிவிடாது. 7 கிலோ சாமான், ஒரு பள்ளத்தில் மூன்று மடங்கு கனம் காட்டினால் 21 கிலோ. மேடேறி இறங்கும்போது அதே சாமான் எழும்பி மூடியை உள்ளிருந்து குத்தும். மூடியின் கொளுக்கி ஆணிகளைக் கழற்றுவது பெரும்பாலும் இந்தக் குத்துத்தான். கனமானதை அடியில், வண்டியின் முன்பக்கம் பார்த்து வைத்து, மிஞ்சும் இடத்தைச் சாக்காலோ மழைக் கோட்டாலோ அடைத்தால் குத்து இல்லை. தயிர்ச் சட்டிக்கு இது இரட்டை நன்மை.

அடையாளக் கோடும் மறுபார்வையும்

முடிந்ததும் நட்டிலிருந்து வாசர் வழியாகப் பட்டிவரை ஒரே நேர்கோடாகக் கியூடெக்ஸ் இழுக்கப்பட்டது. பிளாஸ்டிக்கில் படாமல். எம்4 ஆணிகளில் தலையிலிருந்து பொறியின் உலோகக் காலுக்கு. கோடு முறிந்திருந்தால் ஆணி திரும்பியிருக்கிறது. கோடு நேராக இருந்தும் லொக் ஆடினால் ஆணி திரும்பவில்லை, கீழே ஏதோ நசுங்கியிருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால் இந்தக் கோடு இல்லாமல் மறுபடி இறுக்கவே கூடாது.

ஒரு நாள் கழித்து ஒரு பார்வை, 100 கிலோமீற்றரில் ஒன்று, 1000 கிலோமீற்றரில் ஒன்று. இப்படிக் குழல் வைத்த ஊடுருவும் ஆணிகளில் கோடு லேசில் முறிவதில்லை. மறுபார்வையில் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியது அடிப் பொறியின் எம்4 சோடியைத்தான். அங்கே கோடு முறிந்தால், முதல் பார்க்க வேண்டியது ஆணியை அல்ல, பெட்டியின் பின் விளிம்பை. ஆட்டம் திரும்பி வந்திருக்கும், நியோபிரீன் மெத்தை ஒரு மூலையில் உரிந்திருக்கும். அந்த மூலையை ஒட்டிவிட்டு, புதுத் தங்கூசியோடு அந்த இரண்டு ஆணிகளையும் ஒருமுறை கழற்றிப் பூட்டினால் போதும்.